மாமன் மடியில் காது குத்திய பிள்ளை

பூங்கொடி, நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் முருகேசனின் பெரியவன் கள்ளக்குறிச்சியில் காலேஜ் சேர்ந்துவிட்டான். விவசாயம் படிப்பான் என்று உங்கப்பா நினைத்திருந்தார், அவன் கம்ப்யூட்டர் எடுத்துவிட்டான். "கம்பியூட்டருல களை புடுங்குவானா?" என்று இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் வெள்ளிமலை டீக்கடையில் எல்லாரிடமும் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அண்ணனின் சின்னவள் கபடியில் மாவட்டத்துக்கு ஆடி ஒரு பெரிய கோப்பை வாங்கி வந்தாள். அதில் உங்கப்பா விதைச் சாமை போட்டு மூடி வைத்திருக்கிறார். எலி ஏறாதாம். கடைசியாக நம் யாழினிக் குட்டி. பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டியில் தேனீயாக நின்று பரிசு வாங்கியதையும், அன்றைக்கே மேல் பல் விழுந்ததையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனில் எனக்கு ரீங்காரம் போட்டுக் காட்டினாள். பல் இல்லாத வாயில் அந்தச் சத்தம் இன்னும் நன்றாக வந்தது.

இந்தப் பாட்டையெல்லாம் போன வாரம் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கு வேறு என்ன வேலை? வெற்றிலை போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "கடைசியா சொன்னியே தேனீ, அது மவன் வவுத்துதா, மவ வவுத்துதா?" என்றாள்.

"மவளோடது."

"மாப்ள இன்னா வேலை செய்யறாரு?"

எத்தனையோ தடவை இந்தக் கேள்விக்கு 'வெளிநாடு' என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்று என்னவோ வாயில் வந்துவிட்டது. "மாப்ள இல்ல. அதுக்கு ரெண்டு அம்மா."

அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மலை வளைவு ஒன்றில் ஜன்னல் வழியாகச் சாற்றைத் துப்பினாள். அப்புறம், "ரெண்டு மாமியா இல்லாத வரிக்கும் நல்லது தான் போ" என்றாள். கச்சிராயபாளையம் வரை நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே போனோம். அவள் இறங்கிய பிறகுதான் சிரிப்பு அடங்கி, நீ போனில் சொன்னது திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"ரேவதி கோயமுத்தூரு போறாம்மா. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள. குட்டியும் தான். போய்ட்டா நான் யாரும்மா அதுக்கு? என் கையில இருக்கிறது பிரியறதுக்குப் போடற அந்தக் கையெழுத்து ஒன்னு தான். அதையும் போட்டுக் குடுத்துட்டா எனக்குன்னு இன்னா இருக்குது?" என்று கேட்டாய். போனில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கிறது, அங்கே நின்று பேசினால் கீழே ஆடு மேய்க்கிறவர்கள் வரைக்கும் கேட்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, மெதுவாகத்தான் நகரும். நீயும் மெதுவாகப் படி.

நீ கனடாவில் நர்ஸ் வேலைக்குப் போய், அங்கே ரேவதியைச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டதாக வந்து சொன்ன நாளை நான் மறக்கவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கவும் தோன்றாமல் நின்றேன். உங்கப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணு களி துண்ணுமா?" நீ அழுதுகொண்டே சிரித்தாய். உளுந்தூர்பேட்டை ரோட்டு மேல் ஓட்டல் வைத்திருக்கிற வீட்டில் பிறந்த பெண், லாரிக்காரர்களுக்குப் பரோட்டா போட்டு வளர்ந்தவள், நம் வீட்டுக்கு வந்த முதல் நாளே கேழ்வரகுக் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு, "இன்னும் ஒரு உருண்டை போடுங்கம்மா" என்றாள். அவள் வீட்டில் அவளைச் சேர்க்கவில்லை. நம் வீட்டில் அந்த ஓர் உருண்டையில் சேர்ந்துவிட்டாள். அதற்கு நான் அவளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஏனென்றால் எப்படி ஏற்றுக்கொள்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, சோறு போடுவதாவது தெரியும் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள்.

நீங்கள் சென்னைக்குத் திரும்பி வந்து, ஆஸ்பத்திரி வைத்தியத்தில் ரேவதி வயிற்றில் குட்டி தங்கினாள். பிரசவத்துக்கு அவள் அம்மா வரவில்லை, நான்தான் வந்தேன். குழந்தையை வெளியே கொண்டுவந்த நர்ஸ், "பாட்டி யாரு?" என்றாள். நான் கையை நீட்டினேன். ரேவதியின் அம்மாவா, மாமியாரா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கை நீட்டியவளுக்குப் பிள்ளை கிடைத்தது. உலகம் பூராவும் இப்படி இருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

காது குத்துக்குத்தான் சிக்கல் வந்தது. நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள். ரேவதியின் அண்ணனுக்குத் தாம்பூலத்தோடு ஆள் அனுப்பினோம். "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஆசாரி கச்சிராயபாளையத்திலிருந்து வந்து கோயில் வாசலில் ஊசியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஊர் சுற்றி நிற்கிறது. மடி இல்லை. ரேவதி முகம் செத்துப்போய் நின்றாள். அப்போது முருகேசன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "குடுங்க புள்ளய" என்றான்.

ஊர்க்கவுண்டர் கேட்டார். "ஏன்டா முருகேசா, நீ எந்த மொறையில ஒக்கார்ற?"

"நான் தாய்மாமனுங்க. எந் தங்கச்சி புள்ளைங்க."

"பெத்தது அந்தப் பொண்ணு தானடா?"

"பெத்தது அது. தாயி ரெண்டு பேருங்க. அந்தம்மா பக்கம் மாமன் வரல, இந்தம்மா பக்கம் வந்துட்டேன். நேரம் போவுதுங்க, புள்ளைக்குப் பசி."

கவுண்டர் ஆசாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆசாரி குத்தினார். குட்டி ஊரே அதிரக் கத்தினாள். நீ ஒரு காலைப் பிடித்திருந்தாய், ரேவதி ஒரு காலைப் பிடித்திருந்தாள். சுவரில் மாட்டியிருக்கிற படம் அதுதான். அடுப்புப் புகையில் மங்கிவிட்டாலும் குட்டியின் வாய் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அன்றைக்கு நான் நினைத்தேன், இனி என்ன குறை என்று. ஊர் ஒப்புக்கொண்டதைச் சர்க்காரும் ஒப்புக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன். குட்டிக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோதுதான் புரிந்தது. நர்ஸ் வேலை பார்க்கிற நீ, ஊசி எங்கே போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று தெரிந்த நீ, வார்டு வாசலில் நிற்கிறாய். 'அம்மா மட்டும்' என்று உள்ளே விட்டது ரேவதியை. பள்ளிக்கூடத்தில் உன்னைப் 'பெரியம்மா' என்று எழுதிக் கொடுத்தால்தான் சாயங்காலம் குட்டியை அழைத்துவர விடுகிறார்கள். அதையும் நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். "இங்க நான் கல்யாணமே ஆவாதவ, அங்க கல்யாணம் ஆனவ. பிளேன் பறக்கும்போது நடுவுல எங்கியோ எனக்குத் தாலி ஏறி ஏறி எறங்குதும்மா." நானும் சிரித்தேன். ஆனால் இப்போது பிரிய வேண்டும் என்று வந்தபோது அந்தத் தாலி இறங்க மாட்டேன் என்கிறது.

பொங்கல் முடிந்து நீங்கள் இருவரும் குட்டியை அழைத்துக்கொண்டு வந்து, பிரியப்போவதாகச் சொன்னீர்கள். யார் மேலும் யாரும் குற்றம் சொல்லவில்லை. மனசு ஒத்துவரவில்லை என்றீர்கள். சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் எதிரும் புதிருமாக உட்காருவார்கள், பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒரே பக்கம் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சொன்னீர்கள். அதனால் எனக்கு வலி குறையவில்லை, ஆனால் பயம் குறைந்தது. உங்கப்பாதான் ஆரம்பித்தார்.

"சரி. யாரு தீத்து வுடுவாங்க உங்கள?"

"யாரும் இல்லப்பா. இங்க கோர்ட்டுக்குப் போனா, கல்யாணமே ஆவலியே, எதை வெட்டி வுடறதுன்னு கேப்பாங்க."

"நம்ம ஊருல கவுண்டரு முன்னால ரெண்டு பேரும் துரும்பக் கிள்ளிப் போட்டா தீந்துச்சி."

"எங்களுக்குக் கிள்ளச் சொல்லுவாராப்பா?"

உங்கப்பா பொய் சொல்லத் தெரியாதவர். தலையைச் சொறிந்தார். "சொல்ல மாட்டாரு" என்றார். "மடின்னா பச்சப்புள்ளைக்காவ வுட்டுட்டாரு. இது வேற."

ரேவதி சொன்னாள். "அப்ப எங்களுக்கு மலையும் இல்ல, தரையும் இல்லங்கப்பா."

அப்போதுதான் நீ, நீங்கள் போய்ப் பார்த்த வக்கீல் அம்மா சொன்னதை எங்களுக்குப் புரியும்படி சொன்னாய். கல்யாணம் நடந்த அந்த ஊர் கோர்ட்டில், உங்களைப் போல் வெளியூரில் இருப்பவர்களுக்காக ஒரு வழி வைத்திருக்கிறார்களாம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒப்பி மனு கொடுக்க வேண்டும். ஒருத்தி கொடுத்து ஒருத்தி மறுத்தால், இங்கேயிருக்கிற கோர்ட்டிடம் உத்தரவு வாங்கிவா என்பார்கள்; இங்கேயிருக்கிற கோர்ட்டோ, அப்படி ஒரு கல்யாணமே எனக்குத் தெரியாது என்னும். சேர்ந்து கொடுத்தாலும் அந்தக் கோர்ட் கல்யாணத்தை மட்டும்தான் அறுக்கும். பிள்ளை யாரோடு இருக்கும், யார் எப்போது பார்க்கலாம், வீட்டில் யாருக்கு என்ன பாத்தியதை, ஒன்றையும் பேசாது. இங்கேயும் அதைப் பேச ஆள் இல்லை. அந்த வக்கீல் அம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னதற்கு அவருக்கும் என் கும்பிடு. 'பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்' என்று இழுக்கிற ஆட்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால், உன் தயவின்றி அவள் விடுபட முடியாது. அந்தப் பயத்திலாவது குட்டியை உன் கண்ணில் காட்டுவாள். இதுதானே உன் எண்ணம்? அந்த எண்ணத்துக்காக உன்னை நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுக்கப் பயப்படுகிறவளின் கைக்கு எது அகப்படுகிறதோ அதைத்தான் பிடிக்கும். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அதைவிடக் கேவலமான எதையாவதுகூடப் பிடித்திருப்பேன்.

ஆனால் ஒன்று கேள் கண்ணு. நீங்கள் தனித்தனி வீட்டுக்குப் போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் குட்டியை உன்னிடம் கொண்டுவந்து விடுகிறவள் யார்? ரேவதி. எந்தச் சட்டம் அவளை விடச் சொன்னது? எந்தச் சட்டமும் இல்லை. விடாமல் இருந்திருந்தால் நீ எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்டிருப்பாய்? குட்டியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் பஸ் ஏறிப் போக அவளுக்கு உன் கையெழுத்து வேண்டியதில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாரம் தவறாமல் தேனீ வேஷத்துக்கு இறக்கை தைக்கிற துணியோடு உன் வாசலுக்கு வந்தாள். உன் கையில் இருக்கிற பிடி என்று நீ எதை நினைக்கிறாயோ, அதைப் பார்த்து அவள் வரவில்லை. நீ போடாத அந்தக் கையெழுத்து அவளை மட்டும் கட்டவில்லை, உன்னையும்தான் கட்டிவைத்திருக்கிறது. நாளைக்கு நீ திரும்ப அந்த நாட்டுக்கு வேலைக்குப் போனால் அங்கே நீ யார்? இன்னொருத்தி பெண்டாட்டி.

உனக்குத் தெரியாத ஒரு சேதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பொங்கல் முடிந்து நீங்கள் வந்த அன்றைக்குச் சாப்பிட்டு முடித்து நீ குட்டியைத் தேன்பெட்டி காட்டக் கூட்டிக்கொண்டு போனாய். ரேவதி என்னோடு ஊற்றுக்குப் பாத்திரம் கழுவ வந்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கேட்டாள்.

"நாளைக்கி எனக்கு ஒன்னு ஆயிட்டா குட்டி யாருகிட்டம்மா போவும்?"

"வாயக் கழுவுடி."

"இல்லம்மா, சொல்லுங்க. எங்கண்ணன் வந்து எம் மருமவள்னு தூக்கிக்கினு போவான். சட்டம் அவனுக்குத்தான் குடுக்கும். மடி குடுக்காதவனுக்கு."

நான் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு என்ன தெரியும்?

"பூங்கொடி மேல எனக்குக் கோவம் இருக்குதும்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கும் எம் மேல இருக்கும். ஆனா எம் புள்ள காது குத்தினது முருகேசண்ணன் மடியில. காது தூந்தா போயிடும்? நான் யாரோட பேச்ச முறிச்சிக்கினாலும் அந்த ஓட்டைய நான் அடைக்க முடியாதும்மா."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. கையெல்லாம் சாம்பல். நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லாதே என்று அவள் கேட்கவில்லை, சொல் என்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் வைத்திருந்தேன். நீங்களே பேசிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் வக்கீலிடம் பேசுகிற அளவுக்கு ஒருவரிடம் ஒருவர் பேசவில்லை என்று இப்போது தெரிகிறது.

அதனால் நான் கேட்கிறது இதுதான். கையெழுத்துப் போடப் போகும்போது வெறும் கையோடு போகாதே, அவளையும் கூட்டிக்கொண்டு வக்கீல் அம்மாவிடம் போ. குட்டி எந்தெந்த நாள் உன்னோடு, லீவில் எங்கே, காய்ச்சல் என்றால் யாருக்கு முதலில் போன், எல்லாவற்றையும் இரண்டு பேரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒன்று ஆனால் குட்டி உன்னிடம் வளர வேண்டும் என்பதே தன் விருப்பம் என்று அவள் உயில் எழுதட்டும். எழுதினாலும் அது கல்லில் வெட்டியது ஆகாது, நாளைக்கு ஒரு நீதிபதி பார்த்தால் பிள்ளையின் நல்லதற்கு எது என்று யோசிக்க ஒரு கைவிளக்காக இருக்கும், அவ்வளவுதான் என்று அந்த அம்மாவே சொன்னார் என்றாய். கைவிளக்கு போதும் கண்ணு. நம் மலையில் அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் நடந்தோம்.

அவள் நாளைக்கே மனசு மாறிவிட்டால்? கோயமுத்தூரில் வேறு ஆள், வேறு பேச்சு என்று ஆகி, சனிக்கிழமை நின்றுவிட்டால்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா சொன்னாளே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு என்னை நொந்துகொள்ளாதே. உனக்குத் தோன்றினால் போடு. கையெழுத்தைக் கையில் வைத்திருந்தாலும் அவள் மனசு மாறினால் சனிக்கிழமை நிற்கத்தான் போகிறது என்பதை மட்டும் ஒரு தரம் நினைத்துப் பார்.

முருகேசனிடம் இதைச் சொன்னேன். "கோயமுத்தூரு இன்னா அமெரிக்காவா? சேலம் போயி வண்டி மாறினா கோயமுத்தூரு. மொத மாசம் நானே பூங்கொடியக் கூட்டிக்கினு போறேன். மாமன் சீரு கொண்டாந்திருக்கேன்னு சொன்னா எந்த வாசல்ல நிறுத்துவாங்க?" என்கிறான். அவனுக்கு எல்லாம் சுலபம். ஆனாலும் அவன் அப்படித்தான் அன்றைக்கும் சட்டையைக் கழற்றினான்.

எனக்குக் கிடைத்ததையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன் பூங்கொடி. நீ ஒளித்து வாழ்ந்திருக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் வாழ்கிறார்களாம். எனக்கு ஒரு மாப்பிள்ளையைக் காட்டி ஏமாற்றியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பஸ் ஏறி மலைக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். சேர்ந்ததையும் சொன்னாய், பிரிவதையும் சொன்னாய். என் வயிற்றில் பிறக்காத ஒருத்தி என்னை அம்மா என்றாள், என் மகள் வயிற்றில் பிறக்காத ஒருத்தி என்னை ஆயா என்கிறாள். இதெல்லாம் உன்னால் வந்தது. பிரிவது உங்கள் காரியம். ரேவதி எனக்குக் களி கேட்டவள். அவள் எப்போது வந்தாலும் உருண்டை போடுவேன், அதற்கு நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒன்று. சுவரில் இருக்கிற படத்தை நான் கழற்ற மாட்டேன். ஆனால் அதில் குட்டிக்குப் பல்லே முளைக்கவில்லை, இப்போது விழவே ஆரம்பித்துவிட்டது. புதுப் படம் ஒன்று வேண்டும். போனில் அனுப்பாதே, பேப்பரில் போட்டுத் தபாலில் அனுப்பு. தபால்காரர் வெள்ளிமலையில் கொடுத்துவிட்டால் உங்கப்பா வாங்கி வந்துவிடுவார். குட்டி ஓட்டைப் பல் தெரியச் சிரிக்கட்டும், நீ அவள் பக்கத்தில் நில். படத்தை ரேவதி எடுக்கட்டும். அவள் அதில் தெரிய வேண்டாம். நீயும் குட்டியும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தால் எனக்குப் போதும்.

அம்மா